திரைக்கு அந்தப் பக்கம் ஏறிய மீன்

வரதன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, நெற்றியில் நாமத்தோடு, ஒரு சிமென்ட் தொட்டியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். தொட்டிக்குள் இருக்கும் கெண்டை மீன்களைப் பார்த்து, பந்திக்கு விருந்தாளியை அழைக்கிற குரலில், "ஏறுங்கோ, ஏறிடுங்கோ. ஒரே ஒரு படிதான்" என்கிறான்.

மீன்கள் ஏறவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, கூட்டமாக நிற்கின்றன.

நான் பம்பு பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறேன். தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதிக்கிறது. ஈர சிமென்ட் வாசனையும் பம்பு எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது. இத்தனை வருஷம் கழித்து எங்கே ஈர சிமென்ட் மணத்தாலும் எனக்கு அந்தக் காட்சிதான் முதலில் வருகிறது.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற பக்கம், ஒரு பழைய கொட்டகை. அதில்தான் நானும் வரதனும் மீனுக்குப் படிக்கட்டு கட்டினோம்.

பாலமும் இல்லை, ரோடும் இல்லை

சென்ற வாரம் என் கல்லூரிக் கதையைப் படித்துவிட்டு, குடிபாலாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இன்ஜினியர் என்கிறீர்களே, பாலம் கட்டினீர்களா, ரோடு போட்டீர்களா?" இரண்டும் இல்லை ஐயா. சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் இத்தனை வாரம் ஒத்திப்போட்டேன்.

அணை என்றால் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர். தண்ணீரைத் தேக்கி, விழவைத்து, மின்சாரம் எடுக்கலாம். நமக்கு லாபம்தான். ஆனால் மழைக்காலத்தில் முட்டை வைப்பதற்காக ஆற்றில் மேலே ஏறிப் போகும் மீனுக்கு நடுவழியில் சுவர் வந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. நான் நகரிக்காரி. எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடியது. பெருமழை பெய்து ஏரி கோடி போகிறது என்று செய்தி வந்தால் தெருவில் பாதித் தறி நின்றுவிடும். நிரம்பி வழிகிற தண்ணீரை எதிர்த்து மீன் துள்ளி ஏறும். எங்கள் நைனா ஓட்டையாய்ப் போன லுங்கித் துணியை விரித்துப் பிடிப்பார். "தண்ணி கீழ வருது, இது மேல போவுது பாரு. சரியான புடிவாதம் புடிச்ச கழுதை" என்பார். பிறகு அந்தக் கழுதையை நாங்கள் குழம்பு வைத்துத் தின்றோம். அது வேறு விஷயம்.

சுவரைத் தாண்ட மீனுக்கு ஒரு வழி செய்துதரலாம். சுவரின் ஓரத்தில் சின்னச் சின்னத் தொட்டிகளைப் படிபோல அடுக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் அடுத்ததற்குத் தண்ணீர் ஓர் இடுக்கு வழியாகக் கொஞ்சமாக இறங்கும். மீன் அந்த இடுக்கில் எதிர்நீச்சல் போட்டு மேல் தொட்டிக்குப் போகும், அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளும், அடுத்ததற்குப் போகும். இடுக்கு குறுகினால் தண்ணீரின் வேகம் மீனைத் தள்ளிவிடும். அகன்றால் தண்ணீரின் இழுப்பு தெரியாமல் மீன் குழம்பிப்போகும். எங்கள் வேலையெல்லாம் அந்த இடுக்கில்தான்.

கொட்டகையில் பம்பு ஓட்டிய மல்லேசு தெலுங்குக்காரர். அவர் இதற்கு வைத்த பெயர் "சேப்பல மெட்லு", அதாவது மீன் படிக்கட்டு. ஊரில் கேட்டவர்களெல்லாம், "மேலே மலைக்கு மனுஷன் ஏறப் படி இருக்கு, கீழே மீனுக்கும் படியா" என்றார்கள். திருப்பதியில் இருந்துகொண்டு இந்தக் கேலிக்குத் தப்ப முடியாது.

கோயில் வீட்டுப் பிள்ளை

வரதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பு. கீழ்த் திருப்பதியில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் அவர்கள் வீட்டார்தான் தலைமுறை தலைமுறையாக மடப்பள்ளியில் சமைக்கிறவர்கள். வரதன் மீனைத் தொட்டதில்லை, சமைத்து வைத்ததைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. மீன் மார்க்கெட் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறமாட்டான். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, இவனுக்கு மீன்மேல்தான் பைத்தியம் பிடித்தது.

காரணம் உண்டு. வடக்கே மலைக்காட்டில் ஒரு சின்ன ஆறு. பெயர் வேண்டாம். அதில் நீர்மின் நிலையத்துக்காக அணை எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அளவு எடுக்க அங்கே போன வரதன், வெள்ளம் வந்த அன்று சுவரடியில் நின்று பார்த்திருக்கிறான். திரும்பி வந்தவன் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"செவுத்துல முட்டிண்டே இருந்ததுகள், கோமதி. விழறது, திரும்ப வந்து முட்டறது. யாரோ உள்ளேர்ந்து கதவு தெறப்பான்னு நெனச்சுண்டு நிக்கற மாதிரி."

"அதுக்கு நீ இன்னா பண்ணுவே?"

"கதவு வெக்கணும்."

அதிலிருந்துதான் ஆரம்பித்தது. நாங்கள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொருவரிடமும் கெஞ்சி, அணை கட்டுகிறவர்களிடம் சண்டை போட்டு, சுவரின் இடது ஓரத்தில் ஓர் இடைவெளியை விடவைத்தான். கட்டுகிறவர்களுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. மேற்பார்வைக்கு ஒரு பெரிய அதிகாரி வருவார். அவர் முன்னால் எங்கள் படியில் மீன் ஏற வேண்டும். ஏறினால் அந்த இடைவெளியில் படிக்கட்டு வரும். ஏறாவிட்டால் மழைக்கு முன்பே கான்கிரீட் ஊற்றி அடைத்துவிடுவார்கள். பேச்சு இதுதான்.

வரதனுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அவன் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பெரிய வெண்கலப் பானையை அவரால் இறக்க முடியவில்லை. அண்ணன் அமெரிக்காவில். தை பிறந்தால் மடப்பள்ளி வரதன் கைக்கு வந்துவிடும், அப்புறம் இன்ஜினியர் வேலை கிடையாது என்பது வீட்டில் முடிவாகிவிட்டது. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"உனக்கு இஷ்டம்தானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டும் வேணும்னு இருக்கு. உடம்பு ஒண்ணுதான் இருக்கு" என்றான்.

ஆக, அந்தப் படிக்கட்டுதான் அவன் கட்டப்போகிற முதல் காரியம். கடைசிக் காரியமும் அதுவே.

பெருமாளோட கெண்டை

கொட்டகையில் படிக்கட்டின் ஒரு பகுதியை நிஜ அளவிலேயே செங்கல் வைத்துக் கட்டினோம். ஒரு பக்கம் கண்ணாடி. சுவர் ஆயிற்று, பம்பு ஆயிற்று. மீன் வேண்டும்.

முதலில் பலமனேர் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து பீப்பாயில் வரவழைத்தோம். மலைச்சாலை வளைவுகளில் குலுங்கி, வெயிலில் வெந்து, வந்து சேர்ந்தபோது எல்லாம் வெள்ளை வயிறு காட்டிக்கொண்டிருந்தன. மல்லேசு அவற்றைக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டார். நான் மறுநாள் கொண்டுவந்த மீன்குழம்பை மூடி வைத்துவிட்டு ஊறுகாயோடு சாப்பிட்டேன்.

அப்போது வரதன்தான் யோசனை சொன்னான். அவர்கள் கோயில் குளத்தைத் தூர்வாரப்போகிறார்கள். குளம் நிறையக் கெண்டை. மலை ஆற்றில் இருப்பதும் கெண்டை இனம்தான். எப்படியும் மீன்களை வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும், நம் தொட்டியிலேயே வைத்துக்கொள்வோமே என்றான். எனக்கு அது பெருமாளே அனுப்பி வைத்த மாதிரி இருந்தது. வண்டிக்கூலி மிச்சம், தூரம் கிடையாது, மீன் ஆரோக்கியம். எங்களைப்போல் அறிவாளிகள் ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

வரதனின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அத்தனையும் பெருமாளோட சொத்து. ஒண்ணு கொறையப்படாது. உங்க கொட்டகையில மாமிசம் சாப்பிடறவா இருந்தா, கொஞ்சம் பாத்துக்கோங்கோ." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்தார். நானும் தூணைப் பார்த்துத் தலையாட்டினேன்.

முதல் நாள் வரதன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டுதான் மீனைப் பிடித்தான். அது நழுவ, இவன் "நாராயணா" என்று கத்த, மல்லேசு சிரித்துத் தொட்டிக்குள்ளேயே விழுந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவன் அம்மா வாசல் குழாயடியிலேயே நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவார். ஒரு வாரத்தில் துண்டு போயிற்று. வெறும் கையால் மீனை அடிவயிற்றோடு தாங்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். "ஜில்லுனு இருக்கு. நெஞ்சு அடிச்சுக்கறது கையில தெரியறது" என்றான். எத்தனை மீன் ஆய்ந்திருப்பேன், எனக்கு அது தெரியாது. என் கைக்கு வந்ததெல்லாம் செத்த மீன்தானே.

இன்னொரு நாள் என் டப்பாவை எட்டிப் பார்த்து, "அது என்ன மீன்?" என்றான்.

"கெண்டை."

"நம்ம கெண்டையா?"

"தூரத்துச் சொந்தம்."

அவன் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு கொட்டகைக்குக் கெண்டை கொண்டுவருவதை நானே நிறுத்திவிட்டேன். நெத்திலியோடு சரி.

பொரிப் பொட்டலம்

எல்லாம் சரிதான். மீன் மட்டும் ஏறவில்லை.

இடுக்கைக் குறுக்கினோம். அகட்டினோம். தண்ணீரைக் கூட்டினோம், குறைத்தோம். படியின் உயரத்தைக் குறைத்து மறுபடி பூசினோம். மீன்கள் இடுக்குப் பக்கம் போகும், கொஞ்சம் முகர்ந்து பார்க்கும், நாங்கள் ஆவலோடு குனிந்தால் உடனே திரும்பி எங்கள் பக்கம் வந்து நிற்கும். கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் நின்றால் நாலு பேர் எதிரிலும் கும்பல்.

"மேடம், சேப்பலு எக்கட்லேது" என்று மல்லேசு காலையும் மாலையும் அறிக்கை வாசிப்பார். மீன் ஏறவில்லையாம். எங்களுக்குக் கண் இல்லையா.

வரதன் இளைத்துப்போனான். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். ஒருநாள் மத்தியானம், "என் இடுக்கு தப்பு, கோமதி. வேகம் ஜாஸ்தியா இருக்கு போலருக்கு. அதிகாரி வர்றதுக்கு முன்னாடி நாமளே வேண்டாம்னு சொல்லிடலாம். அவா எதிர்ல ஏறாம நின்னா இனிமே எந்த அணையிலயும் யாரும் வழி விடமாட்டா" என்றான். தன் கையாலேயே கதவை மூடப்போகிறான் என்று நினைத்தேன்.

பசி வேறு. பையில் பொரிப் பொட்டலம் இருந்தது. வெங்காயமும் மிளகாயும் போட்டுக் கலந்த திருப்பதிப் பொரி. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன்.

காகிதம் சரசரத்ததும் தொட்டி கொந்தளித்தது. அத்தனை கெண்டையும் பாய்ந்து என் காலடிக்கு வந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்து நின்றன. நான் எழுந்து வலப்பக்கம் நடந்தேன். வலப்பக்கம் வந்தன. இடப்பக்கம் போனேன். இடப்பக்கம் வந்தன.

"வரதா, இங்க வா. உங்க பெருமாள் மீனைப் பாரு. என் பின்னாலயே வந்துக்கினு இருக்குது."

வந்து பார்த்தவன் நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டான். நாமம் பாதி கையோடு வந்துவிட்டது.

கோயில் குளத்து மீன் ஐயா அது. சேவிக்க வருகிற ஜனமெல்லாம் குளக்கரையில் பொரி வாங்கிப் போடும். போடாமல் போனால் தரிசனமே முழுமை இல்லை என்று நினைக்கிற ஊர். மனுஷ நிழல் விழுந்தால் பொரி வரும் என்பதைத் தவிர அந்த மீன்களுக்கு உலகத்தில் வேறு பாடம் கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினால் அவற்றுக்கு என்ன? நாங்கள் எத்தனைக்கெத்தனை ஆசையாகக் குனிந்தோமோ, அத்தனைக்கத்தனை அவை எங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பா. இது கொளத்துப் பழக்கம்" என்றான் வரதன். பிறகு அவனே சிரித்துவிட்டான். "நடை பழகினதுலேர்ந்து நான்தானே தெனம் பொரி போட்டிருக்கேன். இதுகளைக் கெடுத்ததே நான்தான்."

பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

யார் பொரி போடுவார்கள்?

மல்லேசு உடனே வழி கண்டுபிடித்துவிட்டார். தெலுங்கில் பொரிக்குப் பொருகுலு என்று பேர். "மேல் தொட்டியில பொருகுலு போடுங்க மேடம். டகடகன்னு ஏறிடும். அதிகாரி பாப்பாரு, கையெழுத்து போடுவாரு, போயிடுவாரு."

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இன்றைக்கும் பாதிதான் தெரிகிறது. "சரியாத்தானே சொல்றாரு. ஏறணும், அவ்ளோதானே. எதுக்கு ஏறிச்சுன்னு யாரு கேக்கப் போறாங்க?" என்றேன்.

வரதன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் கோபப்படவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அங்க மலையில யாரு பொரி போடப் போறா, கோமதி? தண்ணி இழுத்து, அதுவா ஏறணும். பொரி போட்டு ஏத்திட்டா என் இடுக்கு சரியா தப்பான்னு எனக்கே தெரியாமப் போயிடும். தெரியாம மடப்பள்ளிக்குப் போனா நான் பானை முன்னாடி நின்னுண்டு தெனம் இதையே யோசிச்சுண்டு இருப்பேன்."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. நிழல்தான் வினை என்றால் நிழலை மறைப்போம் என்று முடிவாயிற்று. நகரிக்குப் போன் போட்டேன்.

"நைனா, காடாத் துணி வேணும். நல்லா கெட்டியா, நீளமா."

"இன்னாத்துக்குமா?"

"மீனுக்கு."

தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "மீனுக்குச் சேலை கட்டி வுடப் போறியா? இதுக்குத்தான் உன்ன அவ்ளோ படிக்க வெச்சனா?" என்றார். ஆனால் மறுநாள் காலை திருப்பதி பஸ்ஸில் துணி வந்துவிட்டது. கண்டக்டர் இறக்கிக் கொடுத்த கட்டில் தறி எண்ணெய் வாசனை அடித்தது. எங்கள் வீட்டு வாசனை.

தொட்டியைச் சுற்றிக் கம்பு நட்டு, சாயம் போடாத அந்தப் பழுப்புத் துணியைக் கட்டினோம். எட்டிப் பார்க்க மட்டும் அங்கங்கே கண்ணளவு கிழித்துவிட்டோம். பம்பைப் போட்டுவிட்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்தோம். கெண்டைகள் கொஞ்ச நேரம் ஆளைத் தேடின. பிறகு ஒன்றிரண்டு இடுக்குப் பக்கம் தலையைத் திருப்பின. வரதன் என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பம்பு நின்றது. மின்சாரம் எடுக்கத்தான் அணை; அந்த அணைக்கான ஆராய்ச்சி மின்சாரம் இல்லாமல் நின்றது. கரண்ட் வரும்போது இருட்டிவிட்டது. மறுநாள் காலை அதிகாரி வருகிறார். ஏறுமா ஏறாதா என்று எங்களுக்கே தெரியாது.

திரை

அதிகாரி நல்ல உயரம், பளபளக்கும் ஷூ, பின்னால் நாலைந்து பேர். தெலுங்கு பேசுகிறவர். கொட்டகைக்குள் வந்ததும் துணியைப் பார்த்தார். "இதேன்டி, நாடகமா?" என்றார். தெலுங்கில் 'இதென்ன' என்கிறார்.

வரதன் விளக்கினான். துணியை எடுத்தால் மீன் ஆளைப் பார்க்கும், ஏறாது. இதற்குப் பின்னால் உட்கார்ந்து, பேசாமல், இந்தக் கிழிசல் வழியாகப் பார்க்க வேண்டும் என்றான்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நா முந்து எக்ககபோத்தே நதிலோ எக்குதாயா?" என்றார். என் முன்னால் ஏறாதது நதியில் ஏறுமா என்று கேட்கிறார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் துணியை அவிழ்க்கவே கையை வைத்துவிட்டார். போச்சு, கான்கிரீட்தான் என்று நினைத்தேன். மல்லேசின் சட்டைப்பையில் பொரிப் பொட்டலம் இருப்பதும் எனக்குத் தெரியும்.

வரதன் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் பேசுகிற அடக்கத்தோடு தெலுங்கில் சொன்னான். அதைத் தமிழில் தருகிறேன்.

"சார், நாங்க மடப்பள்ளிக் குடும்பம். தளிகை பண்ணிக் கொண்டுபோய் வெச்சதும் திரை போட்டுடுவோம். பெருமாள் அமுது செய்யறதை யாரும் பாக்கப்படாது. நீங்களும் எத்தனையோ தடவை திரைக்கு வெளியில நின்னிருப்பேள். உள்ள ஒண்ணும் நடக்கலைன்னு ஒருநாளும் சொன்னதில்லையே. இங்க கொஞ்சம் சலுகை இருக்கு. ஓட்டை வழியாப் பாக்கலாம்."

அவர் வரதனின் நெற்றியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து ஷூவைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. திரை என்ற சொல்லைக் கேட்டால் இந்த ஊர்ப் பக்கத்துக் கால்கள் தானாகச் செய்கிற காரியம் அது. கூட வந்தவர்களும் கழற்றினார்கள். எல்லோரும் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

காத்திருந்தோம். தகரக் கூரையில் ஒரு காக்கை நடந்தது. யாருக்கோ இருமல் வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வரதன் கிழிசல் பக்கம் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு துணியின் இந்தப் பக்கமே நின்றான்.

நான் பார்த்தேன். ஒரு கெண்டை, அவ்வளவு பெரியதுகூட இல்லை, இடுக்குக்கு முன்னால் வந்து நின்றது. வாலை ஆட்டி ஆட்டி ஒரே இடத்தில் நின்றது. பின்னுக்குப் போயிற்று. மறுபடி வந்தது. உடம்பு முழுதும் ஒரு தரம் வளைந்தது. அடுத்த கணம் அது மேல் தொட்டியில் இருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த இடுக்குக்குப் போனது. அதன் பின்னால் இன்னொன்று.

"வச்சிந்தி" என்றார் அதிகாரி. வந்துவிட்டது. கிசுகிசுவென்று, கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் பேசுகிற குரலில் சொன்னார்.

நான் திரும்பி வரதனைப் பார்த்தேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடியது. நானும் அழுதேன், அதற்கென்ன. மல்லேசு மட்டும்தான் நிதானமாக இருந்தார். பொட்டலத்தை எடுத்துத் தானே தின்ன ஆரம்பித்தார்.

அணையின் இடது ஓரத்து இடைவெளியை அடைக்கவில்லை.

தள்ளி நில்

தூர்வாரிய குளத்தில் புதுத் தண்ணீர் நிரம்பியதும் மீன்களைத் திருப்பிக் கொடுத்தோம். கடைசிக் குடத்தை வரதன் தன் கையாலேயே குளத்தில் கவிழ்த்தான். அவன் அப்பா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கொறையலையே?" என்று என்னைப் பார்த்தே கேட்டார், தூணை அல்ல. இல்லை என்றேன். தை பிறந்தது, வரதன் மடப்பள்ளிக்குப் போனான். நான் வேறு ஊர், வேறு வேலை என்று சுற்றினேன். கொட்டகை இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது.

மலை அணையில் படிக்கட்டு கட்டி முடித்தபோது வரதன் போய்ப் பார்க்கவில்லை. மடப்பள்ளிக்குப் போனவன் ஒருநாள்கூட ஊரை விட்டுப் போக முடியாது. பெருமாளுக்கு லீவு கிடையாது. எப்போது திருப்பதி போனாலும் மத்தியானத் தளிகை முடிந்த பிறகு அவனைப் பார்ப்பேன். புகையில் சிவந்த கண்ணோடு வந்து, வாழை இலையில் புளியோதரை கொடுப்பான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "போய்ப் பாத்தியோ?" ஒவ்வொரு தடவையும், அடுத்த மழைக்குக் கட்டாயம் போகிறேன் என்பேன்.

சென்ற மழைக்குப் போனேன். இரண்டு நாள் பெய்து ஆறு செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. சுவரின் இடது ஓரத்தில், பாசி பிடித்துக் கறுத்து, எங்கள் படிக்கட்டு. கொட்டகையில் குறுக்கிக் குறுக்கிப் பார்த்த அதே இடுக்குகள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மீன் தெரியவில்லை. ரொம்ப நேரம் நின்றேன். இதற்குத்தானா அத்தனையும் என்றிருந்தது.

போன் போட்டேன். பின்னணியில் கோயில் மணி கேட்டது.

"அணையிலயா இருக்கே?" என்றான். குரலே மாறிவிட்டது. "தண்ணி வர்றதா?"

"நல்லா வருது. மீனைத்தான் காணோம், வரதா. நானும் காலையிலேர்ந்து பாத்துக்கினேதான் இருக்கறேன்."

"எங்க நின்னுண்டு இருக்கே?"

"படிக்கு மேலேயேதான். கம்பியைப் புடிச்சிக்கினு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "உன் நிழல் எங்க விழறது?"

குனிந்து பார்த்தேன். மேகம் விலகி லேசாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நடுத் தொட்டியில், தண்ணீருக்கு மேலே, போனும் கையுமாக நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

"காட்டு மீன் பொரிக்கு வராது, பயந்து ஒதுங்கும். தள்ளி நில்லு, கோமதி."

தள்ளிப் போனேன். காவலாளி அறைக்குப் பின்னால் சுவரோடு ஒண்டி உட்கார்ந்தேன். அங்கிருந்து படிக்கட்டு தெரியாது, சத்தம் மட்டும் வரும். போனை ஆற்றுப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் இரைச்சலுக்கு நடுவில், தொபுக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று, இன்னும் கொஞ்சம் மேலே.

"கேட்டுதா?" என்றான். "ஏறித்தா?"

"பாக்கலையே. நீதானே தள்ளி நிக்கச் சொன்னே."

அவன் சிரித்தான். கொட்டகையில் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு. "எழுந்து போய்டாதே. அப்படியே உக்காந்திரு. எனக்குத் தளிகைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு" என்றான்.